இரும்பு நம்முடையது, ஏடு அவர்களுடையது

போச்சம்பள்ளி அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தென்னிந்திய உருக்கோ உலகப் புகழ் பெற்றது. அப்படியிருக்க, நவீன அறிவியல் ஏன் ஐரோப்பாவில் பிறந்தது? கைத்திறனில் அவர்கள் உயர்ந்திருந்ததால் அல்ல. கண்டதை அச்சிட்டு, பிறர் சோதிக்கத் திறந்து வைத்ததால்தான் என்பதே என் வாதம். சுமார் 1450இல் கூட்டன்பர்க்கின் அச்சு வந்தது. 1543இல் கோப்பர்னிக்கஸின் நூலும், 1610இல் கலிலியோவின் தொலைநோக்கிக் குறிப்புகளும் அச்சேறின. 1660இல் தோன்றிய லண்டன் ராயல் சொசைட்டிக்கு 1665இலேயே ஆய்விதழ் கிடைத்தது. அந்தச் சங்கத்தில்தான் 1795இல் ஜார்ஜ் பியர்சன், 'ஊட்ஸ்' எனப்பட்ட நம் நாட்டு உருக்கைப் பற்றிய ஆய்வை அளித்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் அதை ஆராய்ந்தார்.

காலனிக் கொள்ளைதான் ஐரோப்பிய அறிவியலை வளர்த்தது என்பார்கள். பின்னாளைய வளர்ச்சிக்கு அது பெரிதும் உதவியது உண்மை. ஆனால் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய இந்தப் பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது 1792இல்; கோப்பர்னிக்கஸின் நூல் அச்சேறியது அதற்கு 249 ஆண்டுகள் முன்பு. நம்மிடமும் நூல்கள் இருந்தனவே என்றால், ஆம், கேரளக் கணித மேதைகளே சான்று. எனினும் ஓலைச்சுவடி சிலரிடமே தங்கியது. இரும்பை உருக்கியவரின் அறிவோ ஏடேறவே இல்லை. இன்று போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் உழைக்கும் நம் இளைஞர்கள் தங்கள் தொழில் நுணுக்கத்தைத் தமிழில் எழுதிப் பகிர வேண்டும்.