ஆறு நிமிடச் சராசரி: லண்டன் தீயணைப்பு நிலையங்களின் மூடலும் தொழிற்சங்க எதிர்ப்பும்

2014 ஜனவரி 9 அன்று காலை லண்டனில் பத்துத் தீயணைப்பு நிலையங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. பெல்சைஸ், போ, கிளர்க்கன்வெல், டவுன்ஹாம், கிங்ஸ்லாண்ட், நைட்ஸ்பிரிட்ஜ், சில்வர்டவுன், சதர்க், வெஸ்ட்மின்ஸ்டர், வூலிச் ஆகியவை அந்த நிலையங்கள். கிளர்க்கன்வெல் நிலையம் 1872ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. அதே திட்டத்தின்கீழ் 14 வண்டிகளும் 552 தீயணைப்பு வீரர் பணியிடங்களும் குறைக்கப்பட்டன. அப்போது மேயராக இருந்தவர் போரிஸ் ஜான்சன்.

இந்த முடிவை நியாயப்படுத்தச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. தீ விபத்துகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன என்பது ஒன்று, அது உண்மையே. நிலையங்களை மூடினாலும் முதல் வண்டி சராசரியாக ஆறு நிமிடங்களிலும் இரண்டாவது வண்டி எட்டு நிமிடங்களிலும் வந்துசேரும் என்ற நகர இலக்கு தவறாது என்பது மற்றொன்று. இந்தச் ‘சராசரி’ என்னும் சொல்லிடம் நாம் சற்று நின்றாக வேண்டும். ஓரிடத்தில் வண்டி ஐந்து நிமிடத்தில் வருகிறது, வேறோரிடத்தில் ஏழு நிமிடத்தில் வருகிறது என்று கொள்வோம். சராசரி ஆறு. நாளை முதலிடத்தில் நான்கு, இரண்டாமிடத்தில் எட்டு என்று மாறினாலும் சராசரி அதே ஆறுதான். இலக்கு எட்டப்பட்டதாகவே அறிக்கை வரும். எட்டு நிமிடம் காத்திருப்பவர் அந்த அறிக்கையில் தென்படமாட்டார். தீயோ ஒவ்வொரு நிமிடமும் பெருகுவது. வளர்ச்சி விழுக்காடு, எழுத்தறிவு விழுக்காடு என்று சராசரிகளுக்குள் சேரிகள் காணாமற்போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லண்டன் தீயணைப்பு ஆணையமே இத்திட்டத்தை ஏற்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. 2013 ஜனவரியில் நிலைய மூடல்களை முன்வைத்து மக்கள் கருத்துக் கேட்கவே அதன் பெரும்பான்மை மறுத்தது. மேயர் தமக்குச் சட்டம் அளித்திருந்த பணிப்பாணை அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைச் செய்யவைத்தார். கருத்துக் கேட்பில் எதிர்ப்பு ஓங்கி ஒலித்தது. செப்டம்பரில் ஆணையம் திட்டத்தை மீண்டும் நிராகரித்தது. மீண்டும் பணிப்பாணை வந்தது.

அதன்பின் இஸ்லிங்டன், கேம்டன், ஹாக்னி, சதர்க், டவர் ஹாம்லெட்ஸ், லூயிஷம், கிரினிச் ஆகிய ஏழு உள்ளாட்சி மன்றங்கள் உயர்நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு கோரின. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு அவ்வழக்கின் முக்கியமான ஊன்றுகோல்களுள் ஒன்று. இனம், வயது, ஊனம், பாலினம் போன்ற பண்புகளைக் கொண்டோர்மீது ஒரு முடிவு என்ன விளைவை உண்டாக்கும் என்பதைப் பொது அமைப்புகள் உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அப்பிரிவு. 2013 டிசம்பரில் நீதியரசர் ஃபாஸ்கெட் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்றே வாரங்களில் நிலையங்களின் கதவுகள் அடைபட்டன.

சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 149ஆம் பிரிவு ‘கருத்தில் கொள்’ என்றுதான் சொல்கிறது, ‘பாதிக்காதே’ என்று சொல்வதில்லை. விளைவுகளை ஆராய்ந்த ஆவணம் கோப்பில் இருந்தால் கடமை பெரும்பாலும் நிறைவேறிவிடும். மேலும், பாதுகாக்கப்பட்ட பண்புகளின் பட்டியலில் வறுமை இல்லை. அதே சட்டத்தின் முதல் பிரிவு, சமூக-பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைப்பதையும் பொது அமைப்புகள் கருத வேண்டும் என்று விதித்தது. 2010 நவம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே அப்பிரிவை நடைமுறைப்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தார். பின்னாளில் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அதை ஏற்றன. லண்டன் வழக்கு நடந்த காலத்தில் அது ஏட்டில் மட்டுமே இருந்தது. தீயில் சாகும் வாய்ப்பு ஏழைகளுக்கே அதிகம். அந்த ஏழ்மையை நீதிமன்றத்தில் ஒரு வாதமாகவே வைக்க முடியவில்லை. (இதே சட்டத்தில் சாதிக்கும் இதே கதி நேர்ந்தது. சாதியை இனத்தின் ஒரு கூறாகச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் அரசைக் கடமைப்படுத்தியது. 2018இல் அரசு அதைச் செய்யப்போவதில்லை என்று அறிவித்துக் கைகழுவியது.)

இவ்வளவு எளிதாக நிலையங்களை மூட முடிந்ததற்கு வேர் 2004இல் இருக்கிறது. அதற்கு முன்பு நாடு முழுவதற்கும் பொதுவான தர வரையறைகள் இருந்தன. அதிக ஆபத்துள்ள ‘ஏ’ வகைப் பகுதிக்கு இரு வண்டிகள் ஐந்து நிமிடத்திலும் மூன்றாவது எட்டு நிமிடத்திலும் செல்ல வேண்டும் என்பதுபோல வகைவாரியாக நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வரையறைகள் குறையற்றவை அல்ல. கட்டடங்களின் நெருக்கத்தை வைத்தே வகை பிரித்ததால் வணிக வட்டாரங்களுக்குக் கிடைத்த காப்பு குடியிருப்புகளுக்குக் கிடைக்கவில்லை. உயிரைவிடச் சொத்தையே அவை அளந்தன என்ற விமர்சனம் சரியானதே. ஆனால் அவற்றைத் திருத்துவதற்கு மாறாக அடியோடு நீக்கினார்கள், அதுவும் தொழிற்கட்சி ஆட்சியில். ஒவ்வொரு வட்டாரமும் தன் ஆபத்தைத் தானே மதிப்பிட்டுத் திட்டமிடலாம் என்றானது. 2010க்குப் பின் சிக்கன நடவடிக்கை வந்தபோது, கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப ஆபத்தை மதிப்பிடும் வழக்கமாக அது உருமாறியது என்பது தீயணைப்பாளர் சங்கத்தின் குற்றச்சாட்டு. 2010-11 முதல் 2015-16 வரை தனித்தியங்கும் தீயணைப்பு ஆணையங்களுக்கான அரசு நிதி சராசரியாக 28 விழுக்காடு குறைந்ததாகப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2015இல் பதிவு செய்தது.

1918இல் தோன்றிய அந்தச் சங்கம், அரசின் கொள்கையை எதிர்த்து மட்டும் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்ய இயலாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது பணி நிபந்தனை குறித்த தகராறாக இருக்க வேண்டும். ஆகவே 2013இல் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் ஓய்வூதியத்தையும் ஓய்வு வயது 60 என்பதையும் மையமாகக் கொண்டிருந்தன. நிலைய மூடல்களுக்கு எதிரான பரப்புரை தனியே ஊர்வலமாகவும் கையொப்ப இயக்கமாகவும் நடந்தது. ‘ஓய்வூதியத்துக்காக மக்களைக் கைவிடுகிறார்கள்’ என்று பேசுவது எதிர்த்தரப்புக்கு இதனால் எளிதாயிற்று. அந்த வேலைநிறுத்த நாட்களைச் சமாளிக்கவென்று நிலையங்களிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட வண்டிகளில் 13 பின்னர் திரும்பவே இல்லை என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 பேர் இறந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மூடப்பட்ட நிலையங்களே இதற்குக் காரணம் என்று சிலர் எழுதினார்கள். நாம் அப்படிச் சொல்லக் கூடாது. முதல் வண்டிகள் சில நிமிடங்களில் வந்துவிட்டன. கொன்றது எரியக்கூடிய வெளிப்பூச்சுப் பலகை; அதை விற்ற நிறுவனங்கள்; அதை அனுமதித்த ஒழுங்குமுறை. ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்ற அறிவுரையை நேரத்தில் கைவிடாத தீயணைப்புத் துறைத் தலைமையையும் விசாரணை ஆணையம் கடுமையாகக் கண்டித்தது. 2009இல் சதர்க் பகுதியின் லாகனல் அடுக்ககத் தீயில் ஆறு பேர் இறந்தபோதே கற்றிருக்க வேண்டிய பாடம் அது. வெட்டுகளின் பங்கு இங்கே மறைமுகமானது. உயரமான ஏணி வண்டிகள், பயிற்சி, கட்டடங்களைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் என்று ஒரு நாளிதழின் முதற்பக்கத்துக்கு வராத இனங்களில் அதைத் தேட வேண்டும். நிலையம் மூடினால் தெருவே திரளும். ஓர் ஆய்வாளர் பணியிடம் காலியாகவே விடப்பட்டால் யாருக்கும் தெரிவதில்லை.

2023இல் கன்சர்வேட்டிவ் அரசு வேலைநிறுத்தக் காலக் குறைந்தபட்சச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. தீயணைப்புத் துறைக்கான விதிகள், வேலைநிறுத்த நாளில் வழக்கமாக இயங்கும் வண்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இயங்கியாக வேண்டும் என்றன. பின்னர் வந்த தொழிற்கட்சி அரசு இச்சட்டத்தை நீக்க முன்வந்தது. சங்கம் அப்போது எழுப்பிய கேள்வி இன்னும் செல்லும்: வேலைநிறுத்த நாளுக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்றை வகுக்க முடிந்த அரசு, ஆண்டின் மற்ற நாட்களுக்கு இருந்த வரையறையை 2004இல் நீக்கிய பின் இன்றுவரை ஏன் வகுக்கவில்லை?