கொன்றை என்றும் கருவேலம் என்றும் சொல்லப்படும் அயல் மரங்கள்

மஞ்சள் கொன்றை என்ற பெயர் இரண்டு வெவ்வேறு மரங்களுக்கு வழங்குகிறது. ஒன்று, சாலையோரங்களில் நிழலுக்காக நடப்பட்ட சென்னா சியாமியா. மற்றொன்று, முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் புகுந்து அடியில் புல் முளைக்கவிடாமல் அடர்ந்து நிற்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அழகுக்காக இங்கே வந்த இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இந்த மண்ணுக்கே உரிய சரக்கொன்றையும் மஞ்சளாகவே பூப்பதால் குழப்பம் முற்றிவிடுகிறது.

சரக்கொன்றையின் பூங்கொத்து, பெயருக்கேற்பச் சரமாகக் கீழே தொங்கும். சென்னா இரண்டிலும் கொத்துகள் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். பூ இல்லாத காலத்தில் இலையைப் பார்க்க வேண்டும். சரக்கொன்றையின் சிற்றிலைகள் அகன்று பெரியவை. ஓர் இலையில் எட்டு இணைக்கு மேல் இருப்பது அரிது. ஸ்பெக்டாபிலிஸின் சிற்றிலைகள் ஒடுங்கி, நுனி கூர்ந்து, பெரும்பாலும் பத்து இணையைத் தாண்டும். சியாமியாவின் சிற்றிலை நுனி மழுங்கியிருக்கும், காயும் தட்டை. மற்ற இரண்டின் காய்களும் உருண்டு நீண்டவை என்பதால் காயை மட்டும் நம்பக் கூடாது.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. ஸ்பெக்டாபிலிஸை வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். அதனால் பெரிய மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்துக் காயவிடுகிறார்கள். கன்றுகளை வேரோடு பிடுங்குகிறார்கள். ஆள் தெரியாமல் சரக்கொன்றைக்கு இதைச் செய்தால் அந்த மரம் திரும்பாது.

சமவெளியில் இதே சிக்கல் கருவேலத்துக்கு. வேலிக்காத்தான், டெல்லி முள் என்றெல்லாம் அழைக்கப்படும் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. பேச்சில் 'சீமை' உதிர்ந்து 'கருவேலம்' மட்டும் எஞ்சும்போது, கண்மாய்களில் நீர்ப்பறவைகள் கூடுகட்டும் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து பழி சுமக்கிறது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிற உருண்டை. காய், விதைக்கு விதை இடுங்கி மணிமாலையைப் போலிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர். காய் பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். ஆடுமாடுகள் அதைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. கோயில்களில் தலமரமாக வணங்கப்படும் வன்னியோ சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. ஆனால் முழுக்க இந்நாட்டு மரம்.

நீலகிரியில் சீகை மரம் என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து புல்வெளிகளை விழுங்கிய வாட்டில். தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் தரும் முட்கொடி வேறு, அது வேறு.

உண்ணிச்செடியில் குழப்பம் தலைகீழ். பூ மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் என மாறுவதால் ஒரே செடியைப் பல செடிகளாக எண்ணுவோர் உண்டு. கசக்கினால் வரும் கார நெடியும் நாற்பட்டைத் தண்டும் எல்லா நிறத்துக்கும் பொது. தோட்ட அழகுக்காகக் கலப்பினம் செய்யப்பட்டதே இந்த நிறப் பெருக்கத்துக்குக் காரணம்.

களையெடுப்புப் பணிக்கான அறிவிப்புகளில் ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரும் இலை, காய் படங்களும் இடம்பெற வேண்டும். ஐயம் எழுந்தால் அரிவாள் வைப்பதற்கு முன், ஒரு கொப்பை ஒடித்து வனச்சரக அலுவலகத்திலோ அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிலோ காட்டிக் கேளுங்கள்.