பதினாறு பிட்டுகளின் அடையாளம்

0000101110000101. கணினியின் நினைவகத்தில் இந்தப் பதினாறு பிட்டுகள் இருக்கின்றன. எண்ணாக வாசித்தால் 2949. யூனிகோடு எழுத்தாக வாசித்தால் தமிழின் ‘அ’. இரண்டுமே சரிதான். எப்படி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு அந்தப் பிட்டுகளுக்குள் இல்லை. அதை நிரல்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். டேட்டா டைப், அதாவது தரவு வகை, என்று நிரலாளர்கள் சொல்வது அந்தக் குறிப்பைத்தான்.

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் நிரல் மொழியில், மாறியின் பெயர் ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது முழு எண். மற்றதெல்லாம் தசம எண். பின்னால் வந்த பல மொழிகள் வகையை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லின. 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் குழு உருவாக்கிய எம்எல் மொழியோ, மாறி பயன்படும் விதத்தைப் பார்த்துத் தானே வகையைக் கண்டுபிடித்துவிடும். நிரலாக்க வரலாற்றில் இதைவிட அழகான சாதனைகள் குறைவு என்பேன்.

ஆனால் வகையைக் குறித்துவைத்தால் மட்டும் போதாது. ஒரு வகை இன்னொன்றாக மாறும் இடம்தான் ஆபத்து. 1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதன் திசையறி கருவியின் நிரல், வகை விஷயத்தில் மிகக் கறாரான ஏடா மொழியில் எழுதப்பட்டது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த 64 பிட் தசம எண் ஒன்றை, அந்த நிரல் 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. அதில் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஏரியான் 4-க்காக எழுதிய நிரல் அது. அந்த ராக்கெட்டின் பாதையில் மதிப்பு அவ்வளவு பெரிதாகவில்லை. ஏரியான் 5-இன் கிடைமட்ட வேகம் அதிகம். எண் வரம்பை மீறியது, கருவி நின்றது. அதே நிரலை ஓட்டிய மாற்றுக் கருவியும் நொடிப்பொழுது முன்னர் நின்றுபோயிருந்தது.

கருவி கடைசியாக அனுப்பியது பிழைக் குறிப்பு. பிரதான கணினி அதன் பிட்டுகளைப் பறப்புத் தரவாக வாசித்து, இல்லாத விலகலைத் திருத்த எஞ்சின் முனைகளைத் திருப்பியது. கிளம்பிய 40 வினாடிக்குள், நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களோடு ராக்கெட் சிதறியது.

விசாரணைக் குழுவுக்குக் கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமை தாங்கினார். ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு இருந்ததும், கணினியின் சுமையைக் கருதி மூன்றை அப்படியே விட்டதும் வெளிவந்தன. வரம்பை மீறிய எண் அந்த மூன்றில் ஒன்று. அந்த எண்ணைக் கேட்ட கணக்கோ, தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லாதது.