எடுப்பு கக்கூஸும் மூடி போட்ட வாளியும்

'கன்டெய்னர் சானிடேஷன்' பற்றி நெல்லைப் பெரியவர்களிடம் சொன்னால், "எடுப்பு கக்கூஸ்தானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செப்டிக் டேங்க் பரவும் முன், வீட்டின் பின்பக்க முடுக்கு வழியாக ஒருவர் வந்து, தகரத்தால் மலத்தைச் சுரண்டி வாளியில் சுமந்து போவார். சாதியின் பேரில் அவர் தலையில் கட்டிய வேலை அது. 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

ஹைட்டியில் 'சாயில்', நைரோபியில் 'சானர்ஜி' நடத்துவதும் வாளி எடுக்கும் சேவைதான். ஆனால் அங்கே நிறைந்த வாளியை வீட்டிலேயே மூடி, அப்படியே எடுத்துப் போகிறார்கள். மலம் எத்தனை இடத்தில் திறந்தபடி மனிதர் கைக்கு வருகிறது? பழையதையும் புதியதையும் பிரிப்பது இந்தக் கணக்குதான்.

சாக்கடைக் குழியில் ஆளைக் கொல்வது விஷவாயு. வாளி முறையில் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. இங்கே பிரச்சினை மெதுவாக வரும். மூடும்போதும் கொட்டும்போதும் தெறிக்கும். வேகமான தண்ணீரில் வாளியைக் கழுவினால் நுண்துளிகள் மூக்குக்குள் போகும். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியில் வரலாம். 20 லிட்டர் வாளி நிறைந்தால் சுமார் 20 கிலோ. தினமும் பல வீடு ஏறி இறங்கினால் முதுகு போய்விடும். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், சானிடைசருக்கும் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து கழுவி நீக்கும். உரக்குவியல் முழுவதும் 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2013 சட்டத்தில் ஒரு விளக்கம் உண்டு: அரசு அறிவித்த கருவியும் பாதுகாப்பு உடையும் தந்துவிட்டால், அந்த வேலை செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆக மாட்டார். அதாவது, கையுறை கொடுத்ததும் சட்டத்தின் கண்ணுக்கு ஆள் மறைந்துவிடலாம். ஆனால் நெல்லையின் சித்திரை வெயிலில் ரப்பர் கையுறை, பூட்ஸ், மாஸ்க் போட்டு எத்தனை மணி நேரம் வேலை பார்க்க முடியும்? கழற்றத்தான் தோணும்.

பாதுகாப்பு விதிகளில் கையுறை கடைசி வரிசை. முதலில் கசியாத மூடி, தள்ளுவண்டி, கை படாமல் கவிழ்க்கும் இயந்திரம். பிறகு தடுப்பூசி, பூச்சி மாத்திரை, குளிக்க இடம், நிரந்தரச் சம்பளம். தாமிரபரணிக் கரையில் வெள்ளம் புகும் தெருக்களுக்கு இந்த முறை நல்லது என்று நாளை யாராவது திட்டத்தோடு வரலாம். வந்தால் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீங்க. வாளியை யார் தூக்குவார், எங்கே திறப்பார்னு கேளுங்க. பதில் பழைய தெருவையே காட்டினால், அது எடுப்பு கக்கூஸ்தான்.