ஊக்கும் மூன்று சுரக்கூட்டுகளும்

பங்க் என்றவுடன் பெட்ரோல் விற்கும் நிலையமே நம் நேயர்களுக்கு நினைவுக்கு வரும். நாம் கூறப் புகுவது அதனை அன்று. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு உளுத்த மரம் என்றும், உதவாக்கரை என்றும் பொருள் உண்டு. 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் தோன்றிய ஓர் இசை முறைக்கும், அதனோடு ஒட்டிப் பிறந்த உடைக்கோலத்துக்கும் இப்பெயர் வழங்கலாயிற்று. முதல் வேகம் சில ஆண்டுகளிலேயே அடங்கிவிட்டது. அதன் சுவடோ இன்றும் துணிக்கடைகளிலும் இசையரங்குகளிலும் காணக்கிடக்கிறது. ஆயினும் உடையில் எஞ்சியது ஒன்று, இசையில் எஞ்சியது வேறொன்று என்பது நம் கருத்து.

உடையை முதலிற் பார்ப்போம். லண்டனில் கிங்ஸ் ரோடு என்னும் வீதியின் 430-ஆம் எண் கடையை 1971 முதல் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்தி வந்தனர். வெஸ்ட்வுட் அம்மையார் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மெக்லாரன் 1975-இல் நியூயார்க்கில் தங்கியிருந்தபோது, ரிச்சர்டு ஹெல் என்ற பாடகர் கிழிந்த சட்டையுடன் மேடையேறுவதைக் கண்டார். கிழிசலை மறைக்கவில்லை, ஊக்குகளால் கோத்து ஊரறியக் காட்டினார். நம் தாய்மார் அவசரத்துக்கு உதவும் என்று வளையலிலே மாட்டி வைத்திருக்கிறார்களே, அதே ஊக்குத்தான். வறுமையை மூடி மறைக்கும் கருவி, வறுமையை எடுத்துக்காட்டும் அணியாக மாறியது. அக்கோலம் மெக்லாரனுடன் லண்டனுக்குக் கப்பலேறியது என்றே சொல்லலாம். அவர் மேற்பார்வையில் உருவான ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவினர் அதனை நாடறியச் செய்தனர்.

அன்றைய பிரிட்டனில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்திருந்தது. 1976-இல் அரசாங்கமே பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. கிழிந்த சட்டைக்கு அங்கே பொருள் இருந்தது. ஆனால் வேடிக்கை யாதெனில், அந்தக் கடையின் சட்டைகள் ஏழை வீட்டுப் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. அவர்கள் வீட்டிலிருந்த பழந்துணியைத் தாமே கிழித்து, தாமே தைத்து, தாமே எழுத்துப் பொறித்து உடுத்தினர். நம் மதிப்பில் உண்மையான பங்க் உடை அதுவே.

1977-ஆம் ஆண்டிலேயே சாண்ட்ரா ரோட்ஸ் என்ற ஆடை வல்லுநர், கிழிசல்களும் மணி பதித்த ஊக்குகளும் கொண்ட ஆடைகளைச் செல்வருக்காகப் படைத்தார். 1994-இல் வெர்சாச்சி நிறுவனத்தின் கறுப்பு உடை ஒன்றைப் பொன்னிற ஊக்குகள் இணைத்து நின்றன. 2013-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளுக்கென்றே பொருட்காட்சி நடத்தியது. வெஸ்ட்வுட் அம்மையாருக்கு 2006-இல் ‘டேம்’ என்னும் அரச விருது கிடைத்தது. இன்று ஆலையிலேயே கிழித்து விற்கும் ஜீன்ஸைக் கண்டு நம் வீட்டுப் பெரியோர் முகம் சுளிக்கின்றனர். அச்சரக்கின் முன்னோர்களுள் ஒருவர் அந்த நியூயார்க் பாடகர் என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. மெக்லாரன், வெஸ்ட்வுட் இருவருக்கும் பிறந்த ஜோ கோரே, 50 இலட்சம் பவுன் பெறும் என்று கூறிய தம் பங்க் சேமிப்பை 2016 நவம்பர் 26 அன்று தேம்ஸ் நதியில் ஒரு படகில் வைத்துக் கொளுத்தினார். பங்க் காட்சிப்பொருளாகிவிட்டது என்ற சினமே காரணம்.

எல்லா இடத்தும் அது காட்சிப்பொருள் ஆகிவிடவில்லை. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் 2011 டிசம்பரில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியிற் போலீசார் 60-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துச் சென்றனர். அவர்தம் தலைமுடியை மழித்து, காதணிகளையும் சங்கிலிகளையும் களைந்து, ‘நல்வழிப் பயிற்சி’ என்று காவற்பள்ளியில் அடைத்து வைத்தனர். நியூயார்க்கிற் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து வணங்கும் கோலத்துக்கு ஆச்சேயிற் கிடைத்த மரியாதை இது.

இனி இசைக்கு வருவோம். குருவை அடுத்து, ஆண்டுக்கணக்கில் வரிசை பயின்று, அரங்கேற்றம் கண்ட பின்னரே மேடை என்பது நம் மரபு. 1970-களின் மேனாட்டு ராக் இசையும் ஏறக்குறைய அந்நிலையை எய்தியிருந்தது. நீண்ட ஆலாபனைகள், பெருஞ்செலவான கருவிகள், எட்டாத் தொலைவில் கலைஞர்! பங்க் இளைஞர்கள் இதனைத் தலைகீழாக்கினர். பல சுரங்களை ஒருங்கே மீட்டும் சுரக்கூட்டு மூன்று தெரிந்தாற் போதும், குழு தொடங்கலாம் என்றனர். நியூயார்க்கின் ‘ரமோன்ஸ்’ குழு 1976-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள். மொத்தம் 30 நிமிடங்கூட இல்லை. சாதகம் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். அக்குழுவினரும் அந்த வேகத்தைக் கடும் பயிற்சியினாலேயே அடைந்தனர்.

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டர் நகரிற் பிஸ்டல்ஸ் பாடியபோது கூடியிருந்தோர் நாற்பது பேர் அளவே இருக்கலாம். அவருட் பலர் பின்னர்த் தாமே குழு அமைத்துப் புகழ் பெற்றனர். அந்நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த ‘பஸ்காக்ஸ்’ குழுவினர் சுமார் 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் இசைத்தட்டொன்றைத் தாமே பதிப்பித்தனர். ஏறத்தாழ 16,000 பிரதிகள் விற்றன. பெரிய கம்பெனியின் தயவின்றி இசை வெளியிட இயலும் என்பது அன்று புலனாயிற்று. ஊர்தோறும் சிறு வெளியீட்டகங்கள் முளைத்தன. அமெரிக்காவின் ‘நிர்வாணா’ முதலிய பிற்காலக் குழுக்கள் அவ்வழி வந்தனவே. இசையில் எஞ்சியது ஓசையன்று, இவ்வழியே.

அயலூரில் வாழ்வோர்க்கு இதில் தனியாக அறிய வேண்டுவது ஒன்று உண்டு. அவ்விளைஞருட் சிலர் அதிர்ச்சியூட்ட எண்ணி நாஜிச் சின்னத்தை அணிந்தனர்; அதற்குச் சமாதானம் கூறுதல் அரிது. ஆனால் குடியேறியோரை வெறுக்கும் கட்சிகளை எதிர்த்து, 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவிற் பல்லாயிரவர் கூடியபோது, ‘கிளாஷ்’ முதலிய பங்க் குழுக்களும் கறுப்பர் இசைக்குழுவும் ஒரே மேடையிற் பாடின. சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன், பல்லிற் கம்பிக்கட்டுடன் அம்மேடையில் நின்றார். அடுத்த ஆண்டு பாகிஸ்தானியக் குடும்பத்து இளைஞர் மூவர், ஆங்கில நண்பர் ஒருவரோடு ‘ஏலியன் கல்ச்சர்’ என்ற குழுவை அமைத்தனர். அந்நியப் பண்பாட்டினர் நாட்டை மூழ்கடிப்பர் என மக்கள் அஞ்சுவதாகத் தாட்சர் அம்மையார் பேசியிருந்தார். அப்பேச்சுக்கு விடையாக அக்குழுவின் பெயரே அமைந்தது.

இவ்வழியில் ஒரு தமிழ்ப் பெண்ணும் உண்டு. 1975-இல் லண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருட்பிரகாசம், ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரிற் பாடுபவர். 2007-இல் தம் அன்னையின் பெயரால் ‘கலா’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. அதற்கு அடிப்படையான கித்தார் ஒலி, குடியேறியோர் படும் அவமதிப்பைப் பற்றிக் ‘கிளாஷ்’ 1982-இல் வெளியிட்ட பாடலொன்றிலிருந்து எடுக்கப்பெற்றது. பாடலை ஆக்கியோர் வரிசையில் மாதங்கியின் பெயரோடு அக்குழுவினர் நால்வர் பெயரும் இடம்பெற்றுள்ளன.