புகையின் நிறம் சொல்லும் கணக்கு

சத்தியவேடு வட்டாரத்தில் உழவுப் பருவம் நெருங்கும்போது, பழைய டிராக்டரை விற்றுப் புதியது வாங்கக் கடன் கோரும் வாடிக்கையாளர்களை நாம் காண்கிறோம். விண்ணப்பிக்குமுன் புகைபோக்கியைச் சற்றுக் கவனியுங்கள்.

கரும்புகை வந்தால், பெரும்பாலும் காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கும். அல்லது இன்ஜெக்டர் பழுதாகியிருக்கும். வடிகட்டிக் கிண்ணத்தில் சேறுபோல் தடித்த ஆயிலை மாற்றுவது சிறு செலவே.

நீலப்புகை வந்தால் என்ஜினுக்குள் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் மதிப்பீட்டை எழுத்தில் பெற்று, புதிய கடனின் ஓராண்டுத் தவணையோடு ஒப்பிடுங்கள். 15 ஆண்டுகள் நிறைந்த வண்டியெனில், பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலப்புகைக்குக் கடன் தேவைப்படலாம். கரும்புகைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.