அமெரிக்க விடுதலைப் போரைக் கடலூரிலிருந்து கற்பித்தல்

அமெரிக்க விடுதலைப் போர் (1775–1783) தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில், பிரெஞ்சுப் புரட்சியோடு சேர்த்து, 'புரட்சிகளின் காலம்' என்ற பாடத்தில் வருகிறது. பாஸ்டன் தேநீர் விருந்து, 13 குடியேற்றங்கள், ஜார்ஜ் வாஷிங்டன், 1776 ஜூலை 4 என நான்கைந்து விடைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியதும் பாடம் முடிந்துவிடும். ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது யாரோ எங்கோ போட்ட சண்டை. ஆனால் அந்தப் போரின் கடைசிச் சண்டை என்று பல வரலாற்று நூல்கள் குறிப்பிடும் சண்டை அமெரிக்காவில் நடக்கவில்லை. இந்தப் பிள்ளைகளின் மாவட்டத் தலைநகரான கடலூரில், 1783 ஜூன் மாதத்தில் நடந்தது.

இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் மூல ஆவணங்களைக் கொண்டு, கடலூரில் தொடங்கி அமெரிக்க வரலாற்றையும் இலக்கியத்தையும் எப்படிக் கற்பிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலூர் முற்றுகை

1778 பிப்ரவரி 6 அன்று பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களோடு நட்பு உடன்படிக்கை செய்துகொண்டது. அதனால் மூண்ட ஆங்கிலேய-பிரெஞ்சுப் போர் இரு நாட்டாருக்கும் கோட்டை இருந்த இடங்களுக்கெல்லாம் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1780இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். 1781 ஜூனில் சிதம்பரம் கோயில் கோட்டையாகப் பயன்பட்டு வந்தது. அதைப் பிடிக்க ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் முயன்று தோற்றார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். மறு ஆண்டு பிரெஞ்சுப் படை அதே பரங்கிப்பேட்டையில் கரையிறங்கி, ஏப்ரலில் கடலூரைப் பிடித்தது.

பரங்கிப்பேட்டை என்றதும் ஸ்ரீமுஷ்ணம் மாணவர்களுக்கு வரைபடம் தேவைப்படாது. மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குப் போகும் கிள்ளை அதன் அருகில்தான் இருக்கிறது. சாமியோடு நடந்துபோன தாத்தா, பாட்டி ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். பாடத்தை இந்த வழியிலேயே தொடங்கலாம்.

1783 மார்ச்சில் புஸ்ஸி புதிய படையோடு வந்தார். ஜூன் 7 அன்று ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை கடலூரை அடைந்தது. ஜூன் 13 அன்று நடந்த தாக்குதலில் ஆங்கிலேயர் பக்கம் ஆயிரம் பேர் அளவுக்கு மாண்டும் காயம்பட்டும் போனார்கள். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரனின் 15 போர்க்கப்பல்களும் ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் மோதின. ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. மாத இறுதியில் வெள்ளைக்கொடி ஏற்றிய ஆங்கிலேயக் கப்பல் ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்த செய்தியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் 1783 ஜனவரி 20 அன்றே முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன என்பதே அந்தச் செய்தி.

ஆக, சமாதானம் ஏற்பட்டு ஐந்து மாதம் ஆன பிறகு கடலூரில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வகுப்பில் இந்த இடத்தில் சற்று நிறுத்த வேண்டும். யார் வென்றது என்பதைவிட இந்த ஐந்து மாதம் பிள்ளைகள் மனத்தில் அதிகம் தங்கும். அடுத்து அவர்கள் கேட்பது, "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் சார்?" என்பதுதான். இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பதே உண்மையான விடை. இரு அணிகளிலும் எண்ணிக்கையில் அதிகம் இந்தியச் சிப்பாய்களே. நூல்களில் தளபதிகளுக்குப் பெயர் இருக்கிறது, சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

எந்த ஆவணத்தைத் திறப்பது

முற்றுகையைப் பற்றி வாசிக்க எளிய நூல்கள் மூன்று உள்ளன. 1878இல் வெளிவந்த கார்ஸ்டினின் தென்னார்க்காடு மாவட்டக் கையேடு, 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் தென்னார்க்காடு கெசட்டியர், மாலிசன் எழுதிய இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் இறுதிப் போராட்டங்கள் பற்றிய நூல் என்பன அவை. மூன்றையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடி எடுக்கலாம். மூன்றும் ஆங்கிலேயர் எழுதியவை என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் செல்வம் புதுச்சேரியின் இரண்டாம் வீரா நாயக்கர் நாட்குறிப்பு. 1778 முதல் 1792 வரையிலான ஆண்டுகள் அதில் உள்ளன. ஆனந்தரங்கப் பிள்ளையை அறிந்த அளவுக்கு இவரை நாம் அறியவில்லை. அமெரிக்கா போரிட்ட ஆண்டுகளில் தமிழில் ஒருவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார் என்பதே வகுப்பில் சொல்லத்தக்க செய்தி.

பழைய ஆங்கில நூல்களில் ஊர்ப்பெயர்கள் உருமாறி இருக்கும். போர்ட்டோ நோவோ என்றால் பரங்கிப்பேட்டை. டெக்னாபட்டம் என்பது தேவனாம்பட்டினம். சில்லம்ப்ரம் என்று வருவது சிதம்பரம். ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து ஊர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால், ஆங்கிலம் வராது என்று ஒதுங்கும் பிள்ளையும் பென்சிலோடு முன்வரும். மொழிபெயர்ப்புச் செயலிகள் இந்தப் பெயர்களில்தான் பெரிதும் தடுமாறுகின்றன. ஆகவே ஊர்ப்பெயர்களைத் தீர்த்த பிறகே செயலியைத் திறக்க வேண்டும்.

யேல் என்னும் பெயர்

கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. 1690இல் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹூ யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்பது ஏற்பாடு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்தது என்று உள்ளூரில் சொல்வார்கள்.

இந்த யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். சென்னையில் பெரும் பொருள் சேர்த்து இங்கிலாந்து திரும்பினார். 1718இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு, 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஆகியவற்றை அனுப்பினார். பொதிகளில் இருந்தவற்றில் துணிகள் முக்கியமானவை. சரக்கு சுமார் 562 பவுனுக்கு விலைபோயிற்று, கல்லூரிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுவே.

இதோடு நிறுத்தினால் பெருமைக் கதையாகிவிடும். புனித ஜார்ஜ் கோட்டை நாட்குறிப்பு, ஆலோசனைப் புத்தகங்கள் சென்னை அரசு அச்சகத்தில் நூலாக வந்தவை. அவையும் இணையத்தில் உள்ளன. யேல் தலைமையேற்ற மன்றத்தின் குறிப்புகளில் அடிமைகளைக் கப்பலேற்றுவது பற்றிய தீர்மானங்கள் பதிவாகியுள்ளன. யேல் பல்கலைக்கழகமே அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்பை ஆராய்ந்து 2024இல் ஒரு நூல் வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. அந்த நூலை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு இது கனமான செய்தி என்று சில ஆசிரியர்கள் தயங்குவார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று விடுதலைப் பிரகடனம் சொன்னதைப் பாடமாக வைத்துவிட்டு, அதே காலத்து அடிமைச் சந்தையை மறைத்தால் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கற்பது எப்போது?

தேயிலைக் கப்பலில் வந்த கவிதை

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. கம்பெனி என்றதும் நீலகிரித் தேயிலை என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. அன்று நீலகிரியில் தேயிலைத் தோட்டமே கிடையாது, கொட்டியது சீனத் தேயிலை.

தேயிலை கொண்டுவந்த மூன்று கப்பல்களில் ஒன்று டார்ட்மவுத். அதே கப்பலில் ஃபிலிஸ் வீட்லி என்ற இளம்பெண்ணின் கவிதை நூல் பிரதிகளும் லண்டனிலிருந்து வந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, 1761இல் சிறுமியாக பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர் அவர். அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். பின்னர் அவர் வாஷிங்டனைப் பற்றி ஒரு கவிதை எழுதி அவருக்கே அனுப்பினார். பல அடிமைகளை வைத்திருந்த வாஷிங்டன் 1776 பிப்ரவரி 28 அன்று மரியாதையோடு பதில் எழுதினார். அந்தக் கடிதம் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் முழுமையாக உள்ளது. ஒரே பீரியடில் படித்துவிடலாம். வீட்லியின் நூலைப் பழைய அச்சிலேயே காட்டினால் இன்னொரு வேடிக்கை உண்டு. அக்கால 'எஸ்' எழுத்து 'எஃப்' போல இருக்கும், பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் படித்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் படிக்கட்டும்.

மறுபடி கடலூர்ப் பக்கம் வருவோம். 1782இல் பென்சில்வேனியா தன் கடல் வணிகத்தைக் காக்க ஒரு கப்பலைப் போருக்கு ஆயத்தம் செய்து அதற்கு வைத்த பெயர் 'ஹைதர் அலி'. ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் அது ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது. அந்த வெற்றியைப் பாடியவர் ஃபிலிப் ஃப்ரெனோ என்ற அமெரிக்கக் கவிஞர். அவருடைய கவிதைகள் குட்டன்பேர்க் திட்டத்தின் தளத்தில் உள்ளன. அந்தத் திட்டமே 1971 ஜூலை 4 அன்று விடுதலைப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்ததில் தொடங்கியது.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு வால்ட் விட்மனையும் சேர்க்கலாம். 1855இல் முதன்முதலாக வெளிவந்த அவர் நூலின் பல பதிப்புகள் விட்மன் ஆர்க்கைவ் தளத்தில் உள்ளன. பாரதியார் 'நகரம்' கட்டுரையில் விட்மனை அறிமுகம் செய்கிறார். அந்தப் பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி, கடலூர்ச் சிறையில்தான் வைக்கப்பட்டார்.

வகுப்பறை நடைமுறை

போர்ஷன் முடியாது என்பது நியாயமான கவலை. இதற்கு மூன்று பீரியட் போதும். முற்றுகைக்கு ஒன்று, யேலுக்கு ஒன்று, வீட்லி கடிதத்துக்கு ஒன்று. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் இணையம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆசிரியர் வீட்டிலேயே பக்கங்களை இறக்கிக்கொண்டு, நான்கு பேருக்கு ஒரு தாள் வீதம் நகல் எடுத்துப் போவது உத்தமம். நூல் முழுவதையும் இறக்க வேண்டாம், ஸ்கேன் செய்த கெசட்டியரைத் திறப்பதற்குள் செல்பேசி திணறிவிடும். தேவையான பக்கத்தின் படம் மட்டும் போதும். அதன் கீழே நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் மாணவர்களே தங்கள் கையால் எழுத வேண்டும். வாய்ப்புள்ள பள்ளிகள் பிள்ளைகளை ஒரு நாள் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போகலாம். சிதம்பரம் வழியாகப் போனால், கூட் பிடிக்க முடியாத கோயிலையும் பார்த்துவிட்டுப் போகலாம்.